மேகம் பிடிக்கும் என்று எழுதாதீர்கள்

வளிமண்டல இயற்பியலில் முதுகலைக்கோ முனைவர் பட்டத்துக்கோ விண்ணப்பிப்பவர்கள் எழுதுகிற எஸ்.ஓ.பி.க்களில் (ஏன் இந்தப் படிப்பு என்று சொல்லும் நோக்க அறிக்கைகளில்) மிகப் பல, வானத்தில்தான் தொடங்குகின்றன. சின்ன வயதில் இடி இடித்தால் மற்றவர்கள் உள்ளே ஓடுவார்களாம், இவர் மட்டும் ஜன்னலோரம் நிற்பாராம். இல்லையென்றால் ஒரு புயல், அதில் சாய்ந்த மரம், அன்றைக்கே எடுத்த முடிவு. இவற்றில் பொய் ஏதும் இருக்காது. மேகத்தைப் பார்த்து மயங்காதவர் இந்தத் துறைக்கு வருவதே அபூர்வம். அதனாலேயே அந்த வாக்கியத்துக்கு மதிப்பு போய்விடுகிறது. படிக்கிறவர் மேஜையில் கிடக்கும் அத்தனை விண்ணப்பங்களும் அதைத்தான் சொல்கின்றன. ஆனால் தேய்ந்த வாக்கியம் என்பதைவிட என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. சேர்க்கை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் எழுதிய வாக்கியம் அது. யாரோ ஒருவர் பெரிய கதவைத் திறந்து ‘இவ்வளவு ஆசையா, உள்ளே வா’ என்று அழைப்பார் என்ற நினைப்பு அதற்குள் இருக்கிறது. இந்தத் துறையில் அப்படியொரு கதவு கிடையாது.

இருப்பது ஒரு வரவுசெலவுக் கணக்கு. ஒரு பேராசிரியருக்கு மூன்று வருடத்துக்கு ஆராய்ச்சி நிதி கிடைக்கிறது. அந்த நிதிக்கு எழுதிக் கேட்டபோதே ஒரு மாணவரின் உதவித்தொகை, கல்விக் கட்டணம், மாநாட்டுப் பயணம் ஆகியவற்றுக்கு அதில் ஒதுக்கியிருப்பார். அந்த ஒதுக்கீட்டுக்குத்தான் வெளியில் ‘சீட்’ என்று பெயர். நிதி வந்தால் சீட் உண்டு. நிதி நிறுவனம் கைவிரித்துவிட்டால் விண்ணப்பிப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்த வருடம் இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் வளிமண்டல அறிவியல் துறைகள் பெரும்பாலும் இந்த வழியில்தான் மாணவர்களை எடுக்கின்றன. சேர்க்கைக் குழு என்று ஒன்று உண்டு. அது மதிப்பெண்களைப் பார்க்கும், தேறாதவற்றை ஒதுக்கும். அதற்குப் பிறகும் மிஞ்சுகிற கோப்புகளில், ‘இவரை நான் எடுத்துக்கொள்கிறேன்’ என்று ஏதாவது ஒரு பேராசிரியர் சொன்ன கோப்பு மட்டுமே நகரும். யாரும் சொல்லாத கோப்பு, எவ்வளவு நல்ல கோப்பானாலும், அப்படியே நிற்கும்.

ஐரோப்பாவில் இது இன்னும் வெளிப்படை. ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்வீடன் போன்ற நாடுகளில் பிஎச்.டி. என்பது சம்பளம் உள்ள வேலை. தலைப்பு, கருவி, கால அளவு எல்லாம் போட்டு விளம்பரம் வரும். ஜெர்மனியில் பெரும்பாலும் இ13 என்ற அரசு ஊதிய நிலையில், முழுச் சம்பளமாக இல்லாமல் அதில் ஒரு விகிதமாகத் தருவார்கள். முதுகலைப் பட்டம் முடித்திருக்க வேண்டும் என்பது அங்கே அநேகமாகக் கட்டாயம். காலம் மூன்று அல்லது நான்கு வருடம். அமெரிக்காவில் இளங்கலை முடித்தே நேராக நுழையலாம், ஆனால் ஐந்து ஆறு வருடம் ஆகும். ஆக, அமெரிக்காவுக்கு அனுப்புவது ஒரு எதிர்காலத்தைப் பற்றிய விண்ணப்பம், ஐரோப்பாவுக்கு அனுப்புவது ஒரு வேலைக்கான விண்ணப்பம். ஒரே எஸ்.ஓ.பி.யை இரண்டுக்கும் அனுப்புகிறவர்கள் இரண்டிலும் தோற்பது இதனால்தான். ஐரோப்பிய விளம்பரத்தில் ‘அகச்சிவப்பு நிறமாலை அளவீட்டில் அனுபவம் விரும்பத்தக்கது’ என்று இருந்தால், கடிதத்தில் அதற்கு நேராக ஒரு பதில் இருக்க வேண்டும். அனுபவம் இல்லையென்றால், அதற்கு மிக அருகில் என்ன செய்திருக்கிறீர்கள் என்று ஒரு வரி. வாழ்க்கை வரலாறு யாரும் கேட்கவில்லை.

இயற்பியல் துறையா, வானிலைத் துறையா

இதே பாடத்தை இரண்டு விதமான வீடுகளில் படிக்கலாம். ஆக்ஸ்ஃபோர்டில் வளிமண்டல, கடல், கோள் இயற்பியல் என்பது இயற்பியல் துறைக்குள் இருக்கும் ஒரு உட்பிரிவு. டொரண்டோவிலும் இயற்பியல் துறைக்குள்தான். மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்தில் இயற்பியல் துறையே வளிமண்டல இயற்பியலுக்கென்று தனிப் பட்டம் தருகிறது. மிச்சிகன் டெக்கின் மேக அறை, அதாவது செயற்கையாக மேகத்தை உண்டாக்கிப் பார்க்கும் அறை, இயற்பியலாளர்கள் நடத்துவது. உள்ளே உருளை வைத்தால் கொள்ளளவு 3.14 கன மீட்டர் வருகிறது என்பதால் அதற்குப் ‘பை (π) சேம்பர்’ என்று பெயர். இன்னொரு பக்கம் கொலராடோ ஸ்டேட், வாஷிங்டன், ரெடிங் போன்ற இடங்களில் இதற்கென்றே தனித்துறை இருக்கிறது.

பெயர்ப் பலகை மாறினால் வாழ்க்கையும் மாறும் என்பதை விண்ணப்பிப்பவர்கள் கவனிப்பதில்லை. இயற்பியல் துறையில் சேர்ந்தால் முதல் ஒன்றரை வருடம் குவாண்டம் இயக்கவியல், மின்காந்தவியல், புள்ளியியல் இயக்கவியல் என்று ஓடும். தகுதித் தேர்வும் அதிலேதான் இருக்கும். மேகத் துளியின் வளர்ச்சியைப் படிக்க வந்தவர் ஹைட்ரஜன் அணுவின் சிற்றுலைவு (பெர்ட்டர்பேஷன்) கணக்கில் இரண்டாம் முறை தோற்றால் வெளியேற வேண்டியிருக்கும். அதற்கு ஈடாக அங்கே கற்பித்தல் உதவியாளர் வேலைகள் நிறைய. முதலாண்டு ஆய்வுக்கூட வகுப்புகளுக்கு ஆள் எப்போதும் தேவை என்பதால், நெறியாளரின் நிதி ஒரு வருடம் வறண்டாலும் மாணவர் பிழைத்துக்கொள்வார். தனித்துறையில் தேர்வு நேராக வளிமண்டல இயக்கவியல், கதிர்வீச்சு, மேக இயற்பியல் என்றிருக்கும். முதல் வாரத்திலிருந்தே ஆராய்ச்சிக் குழுவில் உட்காரலாம். ஆனால் இளங்கலை மாணவர் எண்ணிக்கை குறைவு, கற்பித்தல் வேலையும் குறைவு. நெறியாளரின் நிதியே முழு ஆதாரம். எது நல்லது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. கோட்பாட்டிலும் கருவி கட்டுவதிலும் ஆர்வம் உள்ளவருக்கு இயற்பியல் துறை பொருந்தும், வளிமண்டலத்தின் கணினி மாதிரி ஓட்டவும் தரவு அலசவும் போகிறவருக்குத் தனித்துறை பொருந்தும் என்பது என் சாய்வு.

வானிலையியல் பாடம் ஒன்றுகூடப் படிக்கவில்லையே என்று இயற்பியல் பட்டதாரிகள் கவலைப்படுவது தேவையற்றது. அதை முதலாண்டில் சொல்லித்தருவார்கள். உண்மையான ஓட்டை வேறு இடத்தில் இருக்கும்: பாய்ம இயக்கவியல். பல இயற்பியல் பாடத்திட்டங்களில் அது விருப்பப் பாடமாகக்கூட இருப்பதில்லை. பாய்ம ஓட்டத்தின் அடிப்படையான நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாட்டைச் சுழலும் சட்டகத்தில் எழுதி, எந்த உறுப்பு எந்த அளவில் சிறியது, எதை விடலாம் என்று ஒருமுறையாவது கையால் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள், புள்ளியியல், ஒரு நிரல்மொழி, இவை அடுத்தவை. பைத்தான் போதும்; பெரிய மாதிரிகளுக்குள் கைவைக்கப் போகிறவருக்கு ஃபோர்ட்ரானை வாசிக்கவாவது தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவற்றின் உள்ளே இன்னமும் ஓடிக்கொண்டிருப்பது அதுதான். மதிப்பெண் பட்டியலில் வெப்ப இயக்கவியலில் ஒரு மோசமான மதிப்பெண் இருந்தால், மற்ற எந்தப் பாடத்தைவிடவும் அது கண்ணில் படும். அதை எஸ்.ஓ.பி.யில் மூடி மறைக்கவும் வேண்டாம், ஒரு பத்தி ஒப்பாரியும் வேண்டாம். அதற்கு மேற்பட்ட பாடம் ஒன்றை எடுத்து நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தால் ஒரே வாக்கியம் போதும்.

‘நிஜ’ இயற்பியலிலிருந்து கொஞ்சம் இறங்கி வருகிறோம் என்ற தொனி சிலரது எஸ்.ஓ.பி.யில் வரும். அதைப் படிக்கிறவருக்கு எரிச்சல் வருவது நியாயம். இயற்பியலாளர் சி.டி.ஆர். வில்சன் 1894இல் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலையுச்சி ஆய்வகத்தில் மேகத்தின் மேல் விழுந்த நிழலையும் அதைச் சுற்றிய வண்ண வளையங்களையும் பார்த்து, அதை அறைக்குள் உண்டாக்க முயன்றதில் பிறந்ததுதான் மேக அறை. துகள் இயற்பியல் பல பத்தாண்டுகள் அதில்தான் தன் துகள்களைப் பார்த்தது. 1927 நோபல் பரிசில் பாதி வில்சனுக்குப் போனது. 2021 இயற்பியல் நோபலில் பாதி காலநிலை ஆய்வாளர்களான மனாபேக்கும் ஹாசல்மனுக்கும். இறங்கி வருகிற பாதை என்று இதைச் சொல்வதற்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை.

ஒரே ஒரு படம்

எஸ்.ஓ.பி. எழுத உட்காருவதற்கு மூன்று நான்கு மாதம் முன்பே செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. விண்ணப்பத்தில் மற்ற எதைவிடவும் இதுவே முக்கியம் என்று நினைக்கிறேன். சேர விரும்பும் குழுவின் கட்டுரை ஒன்றை எடுத்து, அதில் ஒரே ஒரு படத்தைப் பொதுவில் கிடைக்கும் தரவை வைத்து நீங்களே மறுபடி வரைவது. முழுக் கட்டுரையும் வேண்டாம், புதுக் கண்டுபிடிப்பும் வேண்டாம். ஒரு படம் போதும்.

தரவுக்குப் பஞ்சமில்லை. ஐரோப்பிய நடுத்தர வரம்பு வானிலை முன்னறிவிப்பு மையத்தின் இஆர்ஏ5 மறுஆய்வுத் தரவு (பழைய அளவீடுகளையும் கணினி மாதிரியையும் இணைத்துத் தயாரித்தது) 1940 முதல் மணிக்கு மணி, 0.25 பாகை இடைவெளியில், 37 அழுத்த மட்டங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு கணக்கு தொடங்கினால் போதும். முதல் வாரம் அதன் பொறிகளில் விழுவதிலேயே போகும். அட்சரேகை வடக்கிலிருந்து தெற்காக அடுக்கப்பட்டிருக்கும். 10 முதல் 20 வரை என்று எக்ஸ்அரே (xarray) என்ற பைத்தான் தொகுப்பில் வெட்டினால் வெற்றுக் கோப்பு வரும், 20 முதல் 10 வரை என்று கேட்க வேண்டும். மழை மீட்டரில் இருக்கும், அதுவும் ஒரு மணி நேரத்தில் சேர்ந்த அளவாக. உயரம் என்று நினைத்து எடுப்பது ஜியோபொட்டென்ஷியல் எனும் ஈர்ப்பு ஆற்றல் அளவு, 9.80665ஆல் வகுத்தால்தான் மீட்டர். செங்குத்துத் திசைவேகம் நொடிக்குப் பாஸ்கலில் இருக்கும், எதிர்க்குறி என்றால் காற்று மேலே போகிறது என்று பொருள். பரப்புச் சராசரி எடுக்கும்போது அட்சரேகையின் கொசைனால் எடையிடாவிட்டால் துருவம் தன் தகுதிக்கு மீறிப் பேசும். இவை எல்லாமே யாரும் ஒருநாளில் கற்றுக்கொள்ளக்கூடியவை. எஸ்.ஓ.பி.யில் எழுத வேண்டியவையும் இல்லை.

எழுத வேண்டியது அதற்கு அடுத்த கட்டத்தில் வரும். உதாரணமாக ஒரு மாணவர் உயர் அடிவளிமண்டலத்தின் ஈரப்பதத்தை எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விமானங்களின் பின்னால் கோடுகள் நீடிக்குமா கலையுமா என்பதை முடிவு செய்வது அங்குள்ள பனி மிகைநிறைவு, அதாவது பனியாக மாற வேண்டிய அளவைத் தாண்டியும் ஆவியாகவே நிற்கும் ஈரம். பலூனில் ஏறும் ரேடியோசோண்டு என்ற கருவி அளந்த ஒப்பு ஈரப்பதத்தையும் இஆர்ஏ5 தரும் ஒப்பு ஈரப்பதத்தையும் 250 ஹெக்டோபாஸ்கல் மட்டத்தில் (சுமார் 10 கிலோமீட்டர் உயரம்) பக்கத்தில் பக்கத்தில் வரைகிறார். மறுஆய்வுத் தரவு ஏகத்துக்கு ஈரமாகத் தெரிகிறது. −40 டிகிரி செல்சியஸில் சோண்டு 70 சதவீதம் என்கிறது, இஆர்ஏ5 103 என்கிறது. மாதிரியில் பெரிய பிழையைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று தோன்றும் இடம் இது. பலர் இங்கேயே நின்று, அதையே எஸ்.ஓ.பி.யில் பெருமையாக எழுதிவிடுவார்கள். படிக்கிறவர் இரண்டாம் வரியிலேயே புன்னகைத்துக் கோப்பை மூடுவார்.

நடந்தது என்னவென்றால், சோண்டு உறைநிலைக்குக் கீழேயும் திரவ நீரின் நிறைவு அழுத்தத்தை (அதைத் தாண்டினால் ஆவி நீராக மாறத் தொடங்கும் அளவை) வைத்தே ஒப்பு ஈரப்பதத்தைச் சொல்கிறது; உலக வானிலை அமைப்பின் மரபு அது. இஆர்ஏ5 அப்படிச் சொல்வதில்லை. 0 டிகிரிக்கு மேல் நீரை வைத்தும், −23க்குக் கீழே பனியை வைத்தும், நடுவில் இரண்டையும் கலந்தும் கணக்கிடுகிறது. −40இல் நீர் மேல் நிறைவு அழுத்தம் சுமார் 0.189 ஹெக்டோபாஸ்கல், பனி மேல் 0.128. விகிதம் ஏறக்குறைய 1.47. 70ஐ 1.47ஆல் பெருக்கினால் 103. இரண்டும் ஒன்றையேதான் சொல்லிக்கொண்டிருந்தன, அளவுகோல்தான் வேறு.

இதைக் கண்டுபிடித்ததோடு வேலை முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது. அளவுகோலைச் சரிசெய்த பிறகும் சிறு வித்தியாசம் மிச்சமிருக்கும். அது எங்கிருந்து வருகிறது? நிறைவு அழுத்தத்துக்கு எந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்தினோம் என்பதே −60 டிகிரியில் சில சதவீதத்தை அசைக்கும். பலூன் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஏறுகிறது. 10 கிலோமீட்டர் போக அரை மணிக்குச் சற்று மேலே ஆகும், அதற்குள் பலத்த காற்று அதைப் பல பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும். ஏவிய இடத்தின் கட்டத்தோடு ஒப்பிட்டால் தப்பான கட்டத்தோடு ஒப்பிட்டதாகிவிடும். பகலில் ஈரப்பத உணரியின் மேல் வெயில் பட்டுச் சூடேறி வறண்டதாகக் காட்டும் பிரச்சினை ஒன்று உண்டு. கருவியின் வகையையும் அதற்குத் திருத்தம் செய்யப்பட்டதா என்பதையும் பார்க்க வேண்டும். மாதிரியின் பக்கத்தில், ஒரு கட்டத்தில் பனிமேகம் உருவானதும் மேகத்துக்குள் இருக்கும் மிகைநிறைவு உடனே தீர்ந்துவிடுவதாக எழுதப்பட்டிருக்கிறது. இயற்கையில் படிகங்கள் வளர்ந்து ஆவியை உறிஞ்ச நேரம் பிடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சங்கடம்: இஆர்ஏ5 தயாரிக்கும்போதே ரேடியோசோண்டுகளின் அளவீடுகள் அதற்குள் உள்வாங்கப்பட்டிருக்கின்றன. இரண்டையும் சுதந்திரமான சாட்சிகள் என்று நினைத்து ஒப்பிடவே முடியாது. அப்படியானால் எதோடு ஒப்பிடுவது? விமானங்களில் பொருத்திய ஈரப்பத உணரிகளோடா, லேசர் ஒளியால் அளக்கும் லைடாரோடா?

இந்தக் கேள்வி வந்து நிற்கும் இடத்தில்தான் விண்ணப்பதாரர் மாணவராக மாறுகிறார் என்பது என் எண்ணம். அதுவரை அவருக்கு இருந்தது ஆர்வம். இப்போது அவரிடம் இருப்பது, எல்லை உள்ள ஒரு கேள்வியும், அதற்குப் பதில் சொல்ல எந்தத் தரவு வேண்டும், தன்னிடம் எது இல்லை என்ற தெளிவும். எஸ்.ஓ.பி.யின் முதல் பத்தி இதுதான்: சோண்டையும் மறுஆய்வையும் ஒப்பிட்டேன், முதலில் தோன்றிய 33 புள்ளி வித்தியாசம் வரையறையால் வந்தது, அதை நீக்கியபின் மிஞ்சியதில் பலூன் நகர்வின் பங்கை இப்படி மதிப்பிட்டேன், ஆனால் சோண்டு மறுஆய்வுக்குள் ஏற்கெனவே இருப்பதால் இதற்கு மேல் நகர முடியவில்லை, உங்கள் குழுவின் விமான அளவீடுகளை வைத்து நகர முடியும் என்று நினைக்கிறேன். ஐந்தாறு வாக்கியம். இதில் மேகம் பிடிக்கும் என்று எங்கும் இல்லை. அதைத் தனியாகச் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

மிச்ச எஸ்.ஓ.பி. தானாக அமையும். இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. பல துறைகள் ஒரு பக்கம் என்றே வரம்பு வைக்கின்றன. கருவி கட்டுவதா, களத்துக்குப் போவதா, மாதிரி ஓட்டுவதா, தாளில் கோட்பாடு போடுவதா என்ற தேர்வு அதில் தெரிய வேண்டும். நான்கும் எனக்குச் சம்மதம் என்று எழுதினால் நான்கில் ஒன்றும் செய்து பார்த்ததில்லை என்றே படிப்பார்கள். ஆய்வக வேலை என்றால் ஒரு வெற்றிடக் கசிவைத் தேடி இரண்டு வாரம் உட்காருவது. விமான அளவீடு என்றால் ஐந்தாறு வாரக் கள முகாம், மேகத்துக்குள் குலுங்கும் விமானத்தில் வாந்தி எடுத்துக்கொண்டே திரையைப் பார்ப்பது. மாதிரி என்றால் மீக்கணினியின் வரிசையில் காத்திருப்பது, டெராபைட் கணக்கில் வெளியீட்டை எங்கே வைப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்வது. எதில் சலிப்பைத் தாங்க முடியும் என்று தெரிந்தவர் எழுதும் பத்தி வேறு மாதிரி இருக்கும்.

பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சல்

அமெரிக்கத் துறைகளுக்கான கடைசித் தேதிகள் பெரும்பாலும் டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரி நடுப்பகுதிக்குள் வரும். அதற்கு முந்தைய செப்டம்பர், அக்டோபரில் பேராசிரியர்களுக்கு எழுத வேண்டும். அதற்கு முன் எழுதினால் அவருக்கே நிதி நிலவரம் தெரியாது. நவம்பர் கடைசியில் எழுதினால் அவர் மனத்தில் ஏற்கெனவே இரண்டு பெயர்கள் இருக்கும். 150 வார்த்தைக்குள் முடிக்கலாம். தலைப்பில் ‘அடுத்த இலையுதிர் காலச் சேர்க்கை, பனிமேக அளவீடு’ என்பது போல விஷயம் இருக்கட்டும். நீங்கள் யார் என்பது ஒரு வாக்கியம். எந்தக் கட்டுரையின் எந்தப் படத்தை வைத்து என்ன செய்தீர்கள் என்பது மூன்று வாக்கியம். அடுத்த ஆண்டு மாணவர் எடுக்கும் எண்ணம் உண்டா என்ற நேரடிக் கேள்வி. இணைப்பாக ஒரு பக்க சிவி. படமும் நிரலும் கிட்ஹப் என்ற நிரல் பகிர்வுத் தளத்தில் இருந்தால் அதன் சுட்டி. அவ்வளவுதான். ‘தங்களின் மகத்தான பங்களிப்பால் ஈர்க்கப்பட்டு’ என்று தொடங்குகிற மின்னஞ்சலில், அடுத்த வரியில் வேறொரு பேராசிரியரின் பெயர் நகலெடுக்கப்பட்டு நிற்பது அடிக்கடி நடக்கிற விபத்து.

எழுதுவதற்கு முன் அவரது பக்கத்தைப் பாருங்கள். ஓய்வுபெறப் போகிறவரா, ஆய்வு விடுப்பில் இருக்கிறாரா, வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறாரா? புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியரிடம் தொடக்க நிதி இருக்கும், ஆள் தேவையும் இருக்கும். ஆனால் பணி நிரந்தரமாகவில்லை என்ற ஆபத்தும் அதோடு வரும். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். வந்த பதில்களையும் சரியாக எடைபோட வேண்டும். ‘விண்ணப்பிக்க ஊக்குவிக்கிறேன்’ என்பது எல்லோருக்கும் போகிற வரி, அதில் நம்பிக்கை வைக்க ஒன்றுமில்லை. ‘இந்த வருடம் எடுக்கவில்லை’ என்பது உண்மையிலேயே உதவி. ஒரு விண்ணப்பக் கட்டணம் மிச்சம். ‘அடுத்த வாரம் பேசலாமா?’ என்பதுதான் பதில். அந்தப் பேச்சில் பாடப்புத்தகக் கேள்விகள் அதிகம் வராது. நீங்கள் அனுப்பிய படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஏன் இந்த மட்டத்தை எடுத்தாய், பிழைக்கோடு எங்கே, இது ஒரு மாதத் தரவா பத்து வருடமா என்று கேட்பார்கள். தெரியாததைத் தெரியவில்லை, இப்படிக் கண்டுபிடிப்பேன் என்று சொல்கிறவரைத்தான் எடுப்பார்கள்.

மற்றவை சீக்கிரம் சொல்லி முடிக்கக்கூடியவை. பரிந்துரைக் கடிதம் மூன்று வேண்டும். அதில் குறைந்தது இரண்டு, நீங்கள் ஆய்வு செய்வதைக் கண்ணால் பார்த்தவர்களிடமிருந்து வர வேண்டும். ‘வகுப்பில் முதல் மதிப்பெண்’ என்று ஒரு பெரிய பேராசிரியர் எழுதும் மூன்று வரியைவிட, ‘அளவுகோல் பிழையைத் தானே கண்டுபிடித்தாள்’ என்று ஒரு இளம் ஆய்வாளர் எழுதும் ஒரு பக்கம் கனமானது. ஆறு முதல் எட்டு வாரம் முன்னால் கேட்டு, சிவி, எஸ்.ஓ.பி. வரைவு, எல்லாத் தேதிகளையும் ஒரே தாளில் கொடுத்துவிடுங்கள். கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன் நினைவூட்டுங்கள். 2020க்குப் பிறகு பல துறைகள் ஜிஆர்இ என்ற பொதுத் தகுதித் தேர்வு மதிப்பெண்ணைக் கேட்பதை நிறுத்திவிட்டன. ‘விருப்பம்’ என்று போட்டிருந்தால், நல்ல மதிப்பெண் இருந்தால் மட்டும் அனுப்பினால் போதும். கட்டண விலக்கு கேட்பதாக இருந்தால் விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் முன்பே கேட்க வேண்டும், பிறகு பெரும்பாலும் எடுபடாது.

சேர்க்கைக் கடிதம் வந்த பிறகு

கடிதம் வந்ததும் முதலில் படிக்க வேண்டியது நிதிப் பத்தியை. ஆராய்ச்சி நிதி சாதாரணமாக மூன்று வருடத்துக்கு வருவது, பிஎச்.டி. ஐந்து வருடம். நான்காம் ஐந்தாம் வருடத்தை யார் பார்த்துக்கொள்வார்கள்? ‘திருப்திகரமான முன்னேற்றம் இருந்தால்’ என்ற நிபந்தனைக்குப் பின்னால் துறையின் உறுதி இருக்கிறதா, நெறியாளரின் நல்லெண்ணம் மட்டும்தானா? தொகை ஒன்பது மாதத்துக்கா பன்னிரண்டுக்கா? கோடை மாதங்கள் விடுபட்டிருந்தால் கணக்கே மாறிவிடும். நிதியின் தலைப்பு ஏரோசால் (காற்றில் மிதக்கும் நுண்துகள்) என்றிருந்து உங்கள் கேள்வி பனிமேகம் என்றிருந்தால், முதல் மூன்று வருடம் எதில் வேலை செய்ய வேண்டியிருக்கும் என்பதையும் இப்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். நிதி எழுதப்பட்ட வேலையைச் செய்தே ஆக வேண்டும்.

குழுவில் இருக்கும் மாணவர்களோடு நெறியாளர் இல்லாமல் பேசுங்கள். ‘அவர் எப்படி?’ என்று கேட்டால் நல்லவர் என்பார்கள். ஒரு வரைவைக் கொடுத்தால் எத்தனை நாளில் திரும்பி வரும், கடைசியாகப் படிப்பை விட்டுப் போனவர் யார், ஏன் போனார், முதல் கட்டுரை எத்தனையாவது வருடத்தில் வந்தது என்று கேட்டால் பதில் வேறு தரத்தில் இருக்கும். பதில் சொல்லும் முன் ஒரு கணம் தயங்கினால் அதுவும் பதில்தான்.

எங்கும் இடம் கிடைக்காவிட்டால், உங்களோடு பேசிய பேராசிரியருக்கு மட்டும் எழுதிக் கேட்கலாம்: கோப்பில் குறையா, நிதி இல்லையா? நிதி என்றால் அடுத்த வருடம் அதே கோப்பு பலிக்கக்கூடும், அதையே அவர் வெளிப்படையாகச் சொல்வதும் உண்டு. குறை என்றால் அது பெரும்பாலும் ஆய்வு அனுபவமாக இருக்கும். அதற்கு இன்னொரு பட்டம் தேவையில்லை, ஒரு குழுவில் ஒரு வருடத் தரவு வேலை போதும்.

இடம் ஒன்றுக்கு மேல் கிடைத்தவர்களுக்குத் தெரிய வேண்டிய தேதி ஏப்ரல் 15. அமெரிக்கப் பட்டமேற்படிப்புப் பள்ளிகளின் கவுன்சில் நிறைவேற்றிய தீர்மானத்தின்படி, அதில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள் நிதியுதவி தருவதாகச் சொன்ன மாணவரை அந்தத் தேதிக்கு முன் முடிவு சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது. அதற்கு முன்பே நெருக்குகிற துறையிடம் இந்தத் தீர்மானத்தை மரியாதையாகச் சுட்டிக்காட்டலாம். ஐரோப்பிய வேலை விளம்பரங்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அங்கே பதில் சொல்ல ஒரு வாரம்கூடக் கிடைக்காமல் போகலாம். போகப் போவதில்லை என்று மார்ச்சிலேயே முடிவாகிவிட்ட இடங்களுக்கு அன்றைக்கே இரண்டு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். அந்த நிதியில் அடுத்தவரின் பெயரை எழுதப் பேராசிரியர் காத்துக்கொண்டிருப்பார், மாநாட்டுச் சுவரொட்டி அரங்கில் அவரையே அடுத்த முப்பது வருடமும் நீங்கள் சந்திக்க வேண்டியிருக்கும்.